சாப்பிட்ட தட்டை விட்டு எழுவது

1

தட்டுகளை அப்படியே விட்டுவிடும்படி உணவகத்தில் பரிமாறிய பெண்மணி முதல் முறை சொன்னபோது, நான் சிரித்துக்கொண்டே அடுக்கிக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பழக்கம் அது. விருந்துக்குப் போன வீட்டில், "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்வார்கள். சொன்னார்களே என்று யாரும் கையை எடுத்துவிடுவதில்லை. அவர்கள் இரண்டு முறை மறுக்க வேண்டும், நாம் இரண்டு முறை கேட்காமல் செய்ய வேண்டும். அதில்தான் இருவருக்கும் மரியாதை. ஜெர்மனிக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது என் மண்டையில் ஏறியிருக்கிறது. கைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அன்று எங்கள் ஒன்பதாவது கல்யாண நாள். தெருக்கோடியில் இருக்கும் சிறிய உணவகத்துக்கு நான், என் கணவர், ஏழு வயது மகள் கயல் மூவரும் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல மூன்று தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். முள்கரண்டிகளைத் தட்டுகளுக்கு நடுவே செருகினேன். மேலே ஒரு கண்ணாடித் தம்ளரையும் வைத்துவிட்டேன். பரிமாறிய பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த முடியைக் கத்தரித்து விட்டிருந்தார். இரண்டாவது முறை அவர் சொல்லவில்லை. மேல் தட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"நீங்கள் இப்படிச் செய்தால், நான் மெதுவாக வேலை செய்கிறேன் என்று என் முதலாளி நினைப்பார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பிறகு நான் அடுக்கியதைத் திரும்பப் பிரித்தார். தம்ளரைத் தனியே எடுத்தார். கரண்டிகளை ஒவ்வொன்றாக உருவினார். நடுத்தட்டின் அடிப்பக்கமெல்லாம் குழம்பு அப்பியிருந்தது. அதைத் துடைத்தார். மூன்று தட்டுகளையும் ஒரு கையில், முழங்கை வரை வரிசையாக ஏற்றி, கரண்டிகளை மேல் தட்டில் ஒருக்களித்து வைத்துக்கொண்டு போனார். நான் தொடாமல் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. என் முகம் காது வரை சுட்டது.

வரும் வழியில் கணவர் கேலியை ஆரம்பித்துவிட்டார். "ஒம்பது வருஷமா பாக்கறேன். ஓட்டல்ல நீ கஸ்டமரா, கிளீனரான்னே தெரியல. இன்னா கயலு, அடுத்த தபா அம்மாவுக்கு ஒரு ஏப்ரன் வாங்கினு வந்துடலாமா?"

கயல் சிரித்தாள். "எனக்கும் ஒண்ணு" என்றாள்.

அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

2

இதைப் படிக்கிற நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள். ஒரு தட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று தோன்றலாம். எனக்கே தோன்றுகிறது. ஆனால் என் வாழ்க்கையில் பெரிய முடிவு ஒன்றை இப்படி ஒரு சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எடுத்தேன்.

என் கணவரின் குடும்பமும் எங்களைப் போல ஜவ்வாது மலைக்காரர்கள்தான். அவர் அப்பா காலத்திலேயே ஆலங்காயத்துக்கு இறங்கிவிட்டார்கள். பெண் பார்க்க மலை ஏறி வருவதற்கு முன், எங்கள் இருவரையும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் தன் வேலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேசை துடைக்கும் அம்மா ஈரத்துணியோடு வந்தார். என் கணவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். செல்போனையும் முழங்கையையும் தூக்கிக்கொண்டு, "இருங்கக்கா, கைய எடுத்துக்கறேன்" என்றார். அந்த அம்மா துடைத்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பேசினார். அன்று மாலையே வீட்டில் சரி என்று சொல்லிவிட்டேன். என்ன பிடித்தது என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை செய்கிறேன். சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது யார் முகத்தைப் பார்க்கிறார், யார் தட்டை மட்டும் பார்க்கிறார் என்று கவனிப்பேன். எங்களோடு பழகிய ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் நடத்தும் உணவகத்தில் தண்ணீர் கேட்கக்கூட மூன்று முறை தயவுசெய்து போடுவார்கள். இந்திய உணவகத்துக்குப் போனால், அந்த வீட்டுக்காரர் பரிமாறுகிற பையனை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார். நம்ம ஆள்தானே என்று விளக்கமும் சொல்வார். மூன்றாவது முறைக்குப் பிறகு அவர்களோடு வெளியே போவதை நிறுத்திவிட்டோம்.

ஆக, மனிதர்களை நான் இப்படித்தான் எடைபோட்டு வந்தேன். அந்தத் தராசில் எனக்கு நானே அதிகமாக மதிப்பெண் போட்டுக்கொண்டதும் உண்டு. எந்த ஊரிலும், எந்தக் கடையிலும், என் எச்சில் தட்டை இன்னொருவர் எடுக்க விடமாட்டேன் என்பதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையைத்தான் அந்தப் பெண்மணி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார்.

3

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்கு வரிதான். கயலின் மதிய உணவு நேரம் தொடர்பாக உங்களோடு பேச விரும்புகிறோம், வியாழன் மாலை நான்கு மணிக்கு வர இயலுமா என்று வகுப்பாசிரியை கேட்டிருந்தார்.

இந்த ஊர் அலுவல் மொழி என்றால் எனக்கு எப்போதும் பயம்தான். என் நர்சிங் சான்றிதழை அங்கீகரிக்க ஒன்றரை வருடம் ஆனது. ஒவ்வொரு கடிதமும் இப்படித்தான் மிகப் பணிவாக ஆரம்பித்து, கடைசியில் இன்னொரு காகிதம் கேட்கும். குழந்தை விஷயம் என்றால் பயம் இரட்டிப்பு. இங்கே குழந்தைகள் நலத்துக்கென்று அலுவலகம் உண்டு, பிள்ளையைச் சரியாக வளர்க்காவிட்டால் அவர்கள் வருவார்கள் என்று வந்த புதிதில் எல்லோரும் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். கயல் சாப்பிடுவதில்லையா? கையால் சாப்பிடுகிறாளா? மெலிந்திருக்கிறாளா? மின்னஞ்சலை மொழிபெயர்ப்புச் செயலியில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே நான்கு வரி.

கயலிடம் கேட்டேன். அவள் வரைந்துகொண்டே சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவர் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். அவள் மேசையில் இருக்கிற எல்லோருடைய தட்டையும் இவளே அடுக்கி எடுத்துப்போகிறாளாம். முதலில் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுடையதை மட்டும் எடுத்தாள். பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள். இப்போது இரண்டு பையன்கள் சாப்பிட்டதும் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறார்களாம்.

"நீ ஏன் எடுக்கற?"

"நீ எடுப்பியே" என்றாள்.

"அவங்க இன்னா சொல்றாங்க?"

"அது என் வேலைன்னு."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மஞ்சள் பென்சிலைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

4

எனக்கு ஒன்பது வயதில், மலைக்குக் கீழே ஓர் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஓட்டலும் இப்போது இல்லை.

உண்டு உறைவிடப் பள்ளியில் என்னைச் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குச் சாமை விதைக்கவும் புளி உலுக்கவும் தெரியும். மனு எழுதத் தெரியாது. நாங்கள் மலைக்காரர்கள்தான் என்று நிரூபிக்க, ஜமுனாமரத்தூரில் பஸ் பிடித்துக் கீழே மூன்று முறை இறங்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. நைனா அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, வா, சோறு துன்னலாம் என்று ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். நான் ஓட்டலில் சாப்பிட்டது அதுதான் முதல் முறை. இரண்டாவது அப்பளம் கேட்டேன், கொடுத்தார்கள். அந்த அப்பளத்தின் மொறுமொறுப்பு இப்போதும் நினைவில் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் நைனா தன் இலையை மடித்தார். என் இலையையும் மடித்து அதன்மேல் வைத்தார். இரண்டையும் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, அத்தனை பெஞ்சுகளுக்கும் நடுவே நடந்து, பின்கட்டில் இருந்த தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். மற்றவர்கள் இலையை விட்டுவிட்டுக் கைகழுவப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் நைனா மட்டும் எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். நல்லவர்கள் தங்கள் இலையைத் தாங்களே எடுப்பார்கள். இதை அன்று நானாகக் கற்றுக்கொண்டேன், யாரும் சொல்லித் தரவில்லை.

நர்சிங் படிக்கும்போது, மலைக்குக் கீழே சமவெளியில் வளர்ந்த தோழி ஒருத்தியோடு அதே ஓட்டலுக்குப் போனேன். எங்களுக்கு எதிர் பெஞ்சில் மலையிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புளி மூட்டை வாசலில் இருந்தது. அவர்கள் எழுந்ததும் சர்வர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மலையாளுங்கதான? எலைய எடுத்துனு போங்க." எங்களிடம் வந்தபோது, "வெச்சிடும்மா, பையன் எடுப்பான்" என்றார். கல்லூரிச் சீருடையில் இருந்த என்னை மலைக்காரி என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் என் இலையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எதற்கு எடுக்கிறாய் என்று தோழி கேட்டாள். பழக்கம் என்றேன்.

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புரிந்ததை மடித்து எங்கோ வைத்துவிட்டு, நல்லவர்கள் இலையை எடுப்பார்கள் என்கிற ஒன்பது வயதுப் பாடத்தையே வைத்துக்கொண்டேன். அது சுகமாக இருந்தது. வெளிநாட்டுக்கு வந்தபிறகு அதற்குப் பாராட்டும் கிடைத்தது. எவ்வளவு பண்பான பெண் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

5

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் நைனாவை அழைத்தேன். அங்கே சாயங்காலம். மலையில் எங்கள் வீட்டருகில் சிக்னல் கிடைக்காது. மேட்டுப் பக்கம் போனால்தான் குரல் தெளியும். அவர் நடந்து ஏறும் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. புளி உடைக்கிற நாள். பெண்கள் பேசிச் சிரிப்பதும் கட்டைகள் விழும் சத்தமும் பின்னால் மெல்ல மெல்லத் தேய்ந்தன. கண்ணை மூடினால் அந்த மேட்டில் அவருக்குப் பக்கத்தில் நின்றுவிடலாம் போலிருந்தது. நான் மருந்து அறையில், கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, இந்நேரத்துல? ஒடம்பு நல்லாக்கீதா?"

நல்லா இருக்கேன் என்றேன். விசா பற்றிக் கேட்டார். அவரை இங்கே மூன்று மாதம் அழைத்துவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. போன வருடம் விண்ணப்பித்தோம். ஊர் திரும்புவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மலையை விட்டுச் சேர்ந்தாற்போல மூன்று நாள் வெளியே இருந்திராத மனிதர் திரும்ப மாட்டார் என்று அவர்களுக்குச் சந்தேகம். இந்த வருடம் மறுபடி போட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

கேட்கலாமா, இந்த வயதில் அவரிடம் போய் இதைக் கிளற வேண்டுமா என்று தயங்கினேன். வியாழக்கிழமை ஆசிரியையிடம் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். அதனால் கேட்டுவிட்டேன்.

"நைனா, சர்டிபிகேட்டு வாங்கின அன்னிக்கு ஓட்டல்ல சாப்ட்டோமே. நீ ஏன் நம்ம எலைய நீயே எடுத்த?"

அவர் மேட்டிலேயே உட்காருவது கேட்டது.

"அதுவா" என்றார். "அவன் சொல்லுவான் பாப்பா. மலையாளுங்கன்னு தெரிஞ்சா எலைய எடுன்னுவான். நாலு பேரு திரும்பிப் பாக்கறாப்ல சொல்லுவான். அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்ன நாமளே எடுத்துட்டா, அவன் சொல்லல இல்ல? நீ பக்கத்துல குந்தினு இருந்த. அப்பளத்தத் துன்னுனு, சிரிச்சினு இருந்த."

கயலைப் பற்றிச் சொன்னேன். நானும் எல்லா இடத்திலும் தட்டை எடுப்பதையும், அதைப் பார்த்து அவள் எடுப்பதையும், பையன்கள் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவதையும் சொன்னேன்.

"நான் எடுத்தது, அவன் பேசறது உனக்குத் தெரியக் கூடாதுன்னு பாப்பா" என்றார். "நீ கத்துக்கணும்னு எடுக்கல."

பிறகு, மழை வருகிற மாதிரி இருக்கிறது, காயப்போட்ட புளியை அள்ள வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். மழை வந்ததா என்று தெரியாது. மறுநாள் அம்மாவிடம் பேசியபோது அவள் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

6

வியாழன் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை ஜெர்மனில் எழுதி, பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன். ஆசிரியை என்னைவிடச் சின்னவர், கனிவானவர். கயல் உதவும் மனம் கொண்டவள் என்று ஆரம்பித்தார். பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. வீட்டில் அவளுக்கு நிறைய வேலைகள் உண்டா?

மனப்பாடம் செய்தது அத்தனையும் அந்த இடத்தில் போய்விட்டது. வீட்டில் அவள் ஒரு வேலையும் செய்வதில்லை, அவள் என்னைப் பார்த்துச் செய்கிறாள், நான் என் அப்பாவைப் பார்த்துச் செய்தேன் என்று உடைந்த வாக்கியங்களில் ஆரம்பித்தேன். ஓட்டலையும் இலையையும் பற்றிச் சொன்னேன். வாழை இலையில் சாப்பிடுவதை விளக்கவே இரண்டு நிமிடம் ஆனது. வினைச்சொற்களை எல்லாம் தப்பான இடத்தில் வைத்தேன். அவர் திருத்தவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்கள் அப்பா ஏன் வேறு உணவகத்துக்குப் போகவில்லை?" என்று கேட்டார்.

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்கு என்னிடம் ஜெர்மன் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பேனா தெரியாது. எல்லா ஓட்டலும் அப்படித்தான் இருந்ததா, சிலதுதானா, எங்கே அப்படி இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பசித்த குழந்தையோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று விசாரிக்க முடியுமா? எங்கள் பஸ் மூன்று மணிக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

இனி அவரவர் தட்டை அவரவர் மட்டுமே எடுக்க வேண்டும் என்று வகுப்பில் பொதுவாகச் சொல்வதாகவும், அந்தப் பையன்களின் பெற்றோரிடம் தனியாகப் பேசுவதாகவும் சொன்னார். கயலிடம் நான் பேச வேண்டும் என்றார். அதுதான் இதில் கடினமான பங்கு.

வீட்டுக்கு வந்து அவளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே பேசினேன். இனிமேல் உன் தட்டை மட்டும் எடு, மற்றவர்களுடையதைத் தொடாதே என்றேன். உணவகத்துக்குப் போனால் நானும் எடுக்கப்போவதில்லை என்றேன். அவள் முகம் சுருங்கியது. தட்டு எடுக்கிற அந்த ஓட்டல் ஆன்ட்டி பாவம் இல்லையா என்று கேட்டாள். பாவம் இல்லை, அது அவர்களுடைய வேலை, நம்மைவிட நன்றாகச் செய்வார்கள் என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்தது. இதை இவள் எப்படிப் புரிந்துகொள்வாள்? நாளைக்கு விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவளாக ஆகிவிட்டால்?

"அப்போ நல்லவங்க இன்னா செய்வாங்க?" என்று கேட்டாள்.

தோசையைத் திருப்பினேன். "அவங்க வந்தா பேச்ச நிறுத்திட்டு அவங்க மொகத்தப் பாப்பாங்க. அவங்களுக்கு எது வசதின்னு கேப்பாங்க. அவங்க வேணாம்னா வுட்டுடுவாங்க."

அவ்வளவுதானா என்றாள். எனக்கும் அது போதவில்லை. அதனால் தாத்தாவின் கதையைச் சொன்னேன். ஏழு வயதுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று பாதியில் தடுமாறினேன். ஆனாலும் முழுவதையும் சொன்னேன். நைனா என்னிடம் மறைத்ததை நான் இவளிடம் மறைக்கவில்லை. நான் செய்தது சரியா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. அவள் தோசையைப் பிய்க்காமல் கேட்டாள். அந்த சர்வர் கெட்டவரா என்றாள். தெரியாது, அவருக்கும் ஒரு முதலாளி இருந்தார் என்றேன்.

"தாத்தா இங்க வந்தா அந்த ஆன்ட்டி கடைக்குப் போலாமா?"

"போலாம்."

"தாத்தா தட்ட எடுப்பாரா?"

"எடுக்கத்தான் பாப்பாரு. வேணாம்னா கேக்கமாட்டாரு."

அவள் யோசித்தாள். பிறகு தன் கையை நீட்டி, மாவு ஒட்டியிருந்த என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் காட்டினாள். "நான் தாத்தாவோட இந்தக் கையப் புடிச்சுக்கறேன். நீ அந்தக் கையப் புடிச்சுக்கோ. எவ்ளோ நேரம் புடிச்சுக்கணும்?"

"அவங்க வந்து எடுத்துனு போற வரைக்கும்" என்றேன்.